தேநீர்க் கலையை வெளிநாட்டுக்காரருக்குச் சுருக்கிக் கொடுக்கலாமா?

ஒரு வாசகர் கேட்டது:
"எங்கள் ஊர்ப் பல்கலைக்கழகத்தில் ஜப்பான் நாள் கொண்டாடினார்கள். தேநீர்ச் சடங்கு என்று போட்டிருந்ததால் ஆசையோடு போனேன். மேசை நாற்காலியில் உட்கார வைத்தார்கள். ஒரு இனிப்பு, ஒரு கிண்ணம் பச்சைத் தேநீர், இருபது நிமிடத்தில் 'நன்றி, அடுத்த குழு வரலாம்'. உண்மையான சடங்கு நாலு மணி நேரம், தரையில் முழங்கால் மடித்து உட்கார வேண்டும் என்று படித்திருக்கிறேன். வெளிநாட்டுக்காரர்களுக்கு இவ்வளவு போதும் என்ற நினைப்புதானே? இப்படிக் கொடுப்பதைவிடக் கொடுக்காமலே இருக்கலாம்."

2 மார்ச் 2025

நாற்காலி வெளிநாட்டுக்காரர்கள் பண்ணிய கூத்து இல்லை. ரியூரெய் என்கிற அந்த மேசை முறையை வகுத்தவர் உராசென்கே என்கிற தேநீர்க் குடும்ப மரபின் 11-ஆம் தலைவர் கெங்கென்சாய். ஆண்டு 1872. கியோத்தோவில் பொருட்காட்சி நடந்தது, வெளிநாட்டவர் வருவார்கள், அவர்களுக்குத் தரையில் உட்கார்ந்து பழக்கமில்லை. அதனால் அடுப்பும் கொதிகலமும் தண்ணீர்ச் சாடியும் வைக்க ஒரு மேசை, விருந்தினருக்கு இருக்கை என்று புதிதாக ஒன்றைச் செய்தார்.

பெருந்தன்மை மட்டும் காரணம் இல்லை. 1869-ல் பேரரசர் கியோத்தோவை விட்டு தோக்கியோவுக்குப் போய்விட்டார். 1871-ல் டைம்யோ என்கிற சிற்றரசர்களின் ஆட்சிப் பகுதிகள் கலைக்கப்பட்டன. தேநீர்க் குடும்பங்களுக்குப் படியளந்தவர்கள் அவர்கள்தான். பழைய புரவலர் போனார், புது ஆட்களுக்குக் கதவைத் திறக்க வேண்டியிருந்தது. இன்றைக்கு அதே மேசை முறையில் முழங்கால் வலிக்கிற ஜப்பானியப் பாட்டிகள் நிம்மதியாகத் தேநீர் தயாரிக்கிறார்கள்.

3 மார்ச் 2025

நாலு மணி நேரக் கணக்கு பற்றி. அது சாஜி எனப்படும் முழு விருந்து. கரி அடுக்குதல், சாப்பாடு, இனிப்பு, தோட்டத்தில் சிறு இடைவேளை, கெட்டித் தேநீர், மறுபடி கரி, கடைசியில் மெல்லிய தேநீர் என்று போகும். நாலைந்து விருந்தினருக்கு மேல் கூப்பிட முடியாது. ஜப்பானிலேயே ஒருவர் அடிக்கடி போகக்கூடிய விஷயம் இல்லை. அங்கே பெரும்பாலோர் போவது சாகாய் என்கிற கூட்டத்துக்கு. கோயிலிலோ பூங்காவிலோ நடக்கும். ஒரு இனிப்பு, ஒரு கிண்ணம், அடுத்த குழு வரலாம். உங்களுக்குக் கிடைத்த இருபது நிமிடமும் அசல்தான்.

சுருக்குவது தப்பே இல்லை என்று நான் சொல்லவில்லை. என் குறை வேறு இடத்தில். அப்புறம் எழுதுகிறேன்.

9 மார்ச் 2025

நான் இருப்பது ம்யூனிக்கில். இங்கே ஆங்கிலத் தோட்டம் என்கிற பெரிய பூங்காவில், ஒரு சின்னத் தீவில், கான்ஷோஅன் என்ற தேநீர் வீடு இருக்கிறது. 1972 ஒலிம்பிக்கை ஒட்டி அப்போதைய உராசென்கே தலைவர் 15-ஆம் சென் சோஷித்சு இந்த நகரத்துக்குக் கொடுத்தது. வெயில் மாதங்களில் வார இறுதிகளில் செய்து காட்டுவார்கள். நான் முதலில் பார்த்தது அங்கேதான். பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர் காலை நீட்டுவதா மடக்குவதா என்று தவித்துக்கொண்டிருந்தார், பாதி கவனம் அவர்மேல் போய்விட்டது.

பிறகு ஓர் ஆசிரியையிடம் சேர்ந்தேன். அடுக்குமாடி வீட்டின் வரவேற்பறையில் மெல்லிய பாய்கள், கரிக்குப் பதிலாக மின்சார அடுப்பு. தேநீர் தயாரிக்கக் கற்றுக்கொள்ளப் போகிறோம் என்று நினைத்துப் போனால், பல வாரங்களுக்குத் தேநீர்ப் பொடியைக் கண்ணிலேயே காட்டவில்லை. ஃபுகுசா என்கிற பட்டுத் துணியை மடிக்க வேண்டும். நாட்சுமே என்கிற பொடி டப்பாவைத் துடைக்க வேண்டும். உள்ளே எதுவும் கிடையாது, காலி டப்பா. அப்புறம் மூங்கில் கரண்டியைத் துடைப்பது, கிண்ணத்தைத் துடைப்பது, பாயின் ஓரப் பட்டையை மிதிக்காமல் நடப்பது. இந்தத் துண்டு துண்டான பயிற்சிக்கு வரிகெய்கோ என்று பெயர். கூடச் சேர்ந்த ஒருவர் மூன்றாவது வகுப்போடு நின்றுவிட்டார். "துணி மடிக்கவா பணம் கட்டுகிறேன்" என்று கேட்டுவிட்டுத்தான் போனார். நியாயமான கேள்வி.

ஆசிரியை அவரைத் தடுக்கவும் இல்லை, அவருக்காகப் பாடத்தை மாற்றவும் இல்லை. எனக்கு அந்த நேரத்தில் அது பிடிவாதமாகத் தோன்றியது. இப்போது அப்படித் தோன்றவில்லை. துணி கை பார்த்துக்கொள்ளும் என்று ஆன பிறகுதான் எதிரில் இருக்கும் ஆளைப் பார்க்கவே முடிகிறது.

10 மார்ச் 2025

வஜ்ராசனம் தெரிந்த நமக்கு செய்சா, அதாவது தரையில் முழங்கால் மடித்து உட்கார்வது, சுலபம்தானே என்று ஒருவர் கேட்டிருக்கிறார். உட்கார்வது சுலபம். அரை மணி நேரம் கழித்து, கையில் சுடுதண்ணீர்ப் பாத்திரத்தோடு, மரத்துப்போன காலில் எழுந்து நடப்பதை எந்த யோகா ஆசிரியரும் எனக்குச் சொல்லித்தரவில்லை.

6 ஏப்ரல் 2025

சரி, அந்தக் குறை.

வெளிநாட்டில் நடக்கும் அறிமுக நிகழ்ச்சிகள் பலவற்றில் வந்தவர் கையில் சாசென் என்கிற மூங்கில் கடைந்தியைக் கொடுத்துவிடுகிறார்கள். "நீங்களே நுரை எழுப்பிப் பாருங்கள்." படம் எடுக்க நன்றாக இருக்கும். ஆனால் அந்தக் கலையில் பாதி விருந்தினருடைய வேலை. அதை யாரும் சொல்லித்தருவதில்லை.

விருந்தினர் என்ன செய்கிறார் என்று பாருங்கள். உள்ளே வருமுன் மோதிரத்தையும் கடிகாரத்தையும் கழற்றிவிடுகிறார், கிண்ணத்தில் கீறல் விழக்கூடாது. அறையின் சுவர் மாடத்தில் தொங்கும் எழுத்துச் சுருளையும் அங்கே வைத்த பூவையும் போய்ப் பார்க்கிறார். கிண்ணம் வந்ததும் பக்கத்தில் இருப்பவருக்கு வணங்கி, உங்களுக்கு முன் எடுத்துக்கொள்கிறேன் என்கிறார். பிறகு தேநீர் தயாரித்தவருக்கு ஒரு வணக்கம். கிண்ணத்தின் முகப்பில் வாய் வைக்காமல் இருக்க அதைத் திருப்புகிறார். குடிக்கிறார், கடைசி மிடறைச் சத்தமாக உறிஞ்சுகிறார், முடிந்தது என்று அந்தப் பக்கம் தெரிய வேண்டும். வாய் பட்ட இடத்தை விரலால் துடைக்கிறார். அப்புறம் முழங்கையைத் தாழ்த்தி, கிண்ணத்தைத் தரைக்கு அருகிலேயே பிடித்து நிதானமாகப் பார்க்கிறார். உயரத் தூக்கிப் பார்த்தால் விழுந்து உடையலாம்.

ஒவ்வொன்றுக்கும் காரணம் இருக்கிறது, எல்லாம் எதிரில் இருப்பவரையோ பக்கத்தில் இருப்பவரையோ பொருளையோ மனதில் வைத்துச் செய்வது. இதைக் கற்றுக்கொடுக்க நல்ல கொதிகலம் வேண்டாம், பாய் வேண்டாம், நாற்காலி போதும். இருபது நிமிடமும் போதும். அதனால்தான் சுருக்கம் மட்டும் எனக்குத் தொந்தரவு இல்லை. எதைச் சுருக்கி எதை வைத்துக்கொள்கிறோம் என்பதில்தான் சண்டை. தயாரிப்பவரின் கைவேலையை மட்டும் வைத்துக்கொண்டு விருந்தினரை வெட்டிவிடுகிறார்கள்.

8 ஏப்ரல் 2025

"விருந்தினராக இருக்கக் கற்றுக்கொடுத்தால் யார் டிக்கெட் வாங்குவார்கள்?" இந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. கடைந்தியைக் கையில் கொடுத்தால்தான் கூட்டம் வருகிறது என்பது உண்மை. கடைசி ஐந்து நிமிடம் கொடுங்கள், யார் வேண்டாம் என்றது? ஆனால் தனக்கே கலக்கிக் குடிக்கச் சொல்லாதீர்கள். பக்கத்தில் இருப்பவருக்குக் கலக்கிக் கொடுக்கட்டும்.

20 ஏப்ரல் 2025

சான்றிதழ் பற்றி நிறைய பேர் எழுதிவிட்டார்கள். பாதி பேர் அதைத் தேர்வு எழுதி வாங்கும் பட்டம் என்று நினைக்கிறார்கள். உராசென்கேயில் கொடுக்கப்படும் கியோஜோ, கற்று முடித்ததற்கான அத்தாட்சி இல்லை. அடுத்த கட்டத்தைக் கற்க இயெமோதோ, அதாவது மரபின் தலைவர், தரும் அனுமதி. உங்கள் ஆசிரியர் வழியாகத்தான் விண்ணப்பிக்க முடியும், கட்டணம் உண்டு, மேலே போகப் போக அது ஏறும். உயர்நிலை முறைகளுக்கு அச்சிட்ட பாடப் புத்தகமே கிடையாது. வாயால் சொல்லி, கண்ணால் பார்த்து வர வேண்டியது.

பணம் பறிக்கும் ஏற்பாடு என்று ஜப்பானிலும் பலர் சொல்கிறார்கள். எனக்கும் அந்த எரிச்சல் உண்டு, ஆனால் அதோடு நிற்கவில்லை. ஆசிரியர் இல்லாமல் மேலே போக முடியாது என்பதால், வெளிநாட்டில் இருக்கிற ஒருவர் புத்தகத்தையும் காணொளியையும் பார்த்து மூன்று வருஷத்தில் தன்னை மாஸ்டர் என்று அறிவித்துக்கொள்ள முடியாது. அறிவித்தாலும் அந்த வட்டத்தில் யாரும் மதிக்க மாட்டார்கள். மறுபக்கம், ஆசிரியரே இல்லாத ஊரில் இருப்பவருக்கு இந்த ஏற்பாட்டில் இடமே இல்லை.

ஒன்று சேர்க்க வேண்டும். 1970 முதல் கியோத்தோவில் மிதோரிகாய் என்று வெளிநாட்டு மாணவர்களுக்காக உராசென்கே ஒரு பிரிவு நடத்திவருகிறது. பயிற்சி முழுநேரம், உதவித்தொகையும் உண்டு. அங்கே படித்தவர்கள் பலர் தங்கள் ஊருக்குத் திரும்பிக் கற்பிக்கிறார்கள். வெறும் வசூல் மட்டும்தான் குறி என்றால் இப்படி ஒன்று இருந்திருக்காது.

4 மே 2025

மே பிறந்துவிட்டது, தரையில் குழிவெட்டிய அடுப்பை மூடிவிட்டு மேலே வைக்கும் அடுப்புக்கு மாற வேண்டும். நவம்பர் முதல் ஏப்ரல் வரை குழியடுப்பு, நெருப்பு விருந்தினருக்குப் பக்கத்தில். மே முதல் அக்டோபர் வரை சிறிய மேலடுப்பு, நெருப்பு தள்ளிப் போகும். இது மாறினால் உட்காரும் கோணம், அகப்பையைப் பிடிக்கும் விதம் எல்லாம் மாறும். ஆறு மாதம் பழகியது கையை விட்டுப் போயிருக்கும்.

மெல்போர்னிலிருந்து ஒருவர் கேட்டது நல்ல கேள்வி: "எங்களுக்கு நவம்பரில் கோடை. அப்போது போய் நெருப்பைப் பக்கத்தில் வைக்க வேண்டுமா?" அவர் வகுப்பில் கியோத்தோ நாட்காட்டியையே பின்பற்றுகிறார்களாம். நாற்பது டிகிரி வெயிலில் குளிர்கால முறை. சிரிப்பு வந்தது. ஆனால் ஊர்ப் பருவத்துக்கு ஏற்ப அரை வருஷம் தள்ளி வைத்தால், அவர் ஜப்பானுக்குப் போய் உட்காரும்போது எல்லாம் தலைகீழாக இருக்கும். என்னைக் கேட்டால், அடுப்பு கியோத்தோவின்படி போகட்டும், மாடத்துப் பூ உள்ளூர்ப் பருவத்தின்படி இருக்கட்டும். நவம்பரில் மெல்போர்னில் என்ன பூக்கிறதோ அது. கடையில் வாங்கிய ஜப்பானியச் செவ்வந்தி வேண்டாம்.

5 மே 2025

பூ என்றதும் இகெபானா என்கிற ஜப்பானிய மலர் அலங்காரக் கலைக்காரர்கள் இழைக்குள் வந்துவிட்டீர்கள். வாருங்கள். தேநீரைவிட உங்கள் கலை வெளிநாட்டில் வேகமாகப் பரவியது. தட்டையான தட்டும், பூத்தண்டைக் குத்தி நிறுத்தும் முள் தாங்கியும் ஒரு காரணம். ஒஹாரா உன்ஷின் மீஜி காலத்தின் (1868–1912) இறுதியில் மோரிபானா என்கிற பாணியைக் கொண்டுவந்தபோது மேற்கத்தியப் பூக்களுக்கும் அதில் இடம் கொடுத்தார். 1927-ல் தெஷிகஹாரா சோஃபு சோகெட்சு பள்ளியைத் தொடங்கி, பூ கிடைக்காவிட்டால் இரும்பையும் கல்லையும் எடுத்துக்கொள்ளலாம் என்ற அளவுக்குப் போனார். போருக்குப் பிறகு தோக்கியோவில் இருந்த அமெரிக்க அதிகாரிகளின் மனைவிமார் கற்றுக்கொண்டார்கள். அவர்களில் ஒருவரான எல்லன் கார்டன் ஆலன் 1956-ல் இகெபானா இன்டர்நேஷனல் அமைப்பைத் தொடங்கினார். அதற்கு முன்பே ஜப்பானியர் பாதையை வெட்டி வைத்திருந்தார்கள் என்பதுதான் நான் சொல்ல வருவது.

1 ஜூன் 2025

ஜூடோவைப் போல உலகத்துக்குத் திறந்துவிட்டாலும் கலை ஜப்பானின் கையை விட்டுப் போகாது என்று எழுதிய நண்பருக்கு. நல்ல உதாரணம், ஆனால் நீங்கள் சொன்ன முடிவுக்கு நேர் எதிராகப் போகிறது.

கானோ ஜிகோரோ 1882-ல் தொடங்கிய ஜூடோ உலகெங்கும் போனதில் ஜப்பானுக்குப் பெருமைதான். 1964 தோக்கியோ ஒலிம்பிக்கில், சொந்த மண்ணில், எடைவரம்பு இல்லாத பிரிவில் டச்சுக்காரர் ஆன்டன் ஹேசிங்க் தங்கம் வாங்கினார். அரங்கமே உறைந்துபோனது. அதே ஹேசிங்க் பின்னாளில் ஒருவருக்கு வெள்ளை, ஒருவருக்கு நீலம் என்று உடை இருக்கட்டும் என்று முன்மொழிந்தார். ஜப்பான் எதிர்த்தது. 1997-ல் சர்வதேசக் கூட்டமைப்பு நிறைவேற்றிவிட்டது. ஓட்டு எண்ணிக்கையில் ஜப்பானும் மற்றவர்களைப் போல ஒரு உறுப்பினர்.

ஜூடோ கெட்டுவிட்டது என்று இதை வைத்துச் சொல்ல மாட்டேன். நீல உடை தொலைக்காட்சியில் பார்க்க வசதிதான். ஆனால் தேநீரில் இப்படி நடக்காது. எந்த நாட்டுக் கிளையும் ஓட்டெடுத்து ஃபுகுசாவின் நிறத்தை மாற்ற முடியாது. ஏப்ரலில் நான் எரிச்சலோடு எழுதிய அந்த இயெமோதோ ஏற்பாட்டின் மறுபக்கம் இது. மாற்றம் வரும், ஒரு வீட்டுக்குள்ளிருந்துதான் வரும். எது மேல் என்று கேட்டால், விளையாட்டுக்கு ஜூடோவின் வழி, விருந்துக்குத் தேநீரின் வழி. அதற்கு மேல் யோசிக்கவில்லை.

2 ஜூன் 2025

சென் குடும்பங்கள் மூன்று என்பதையும் மறக்காதீர்கள்: உராசென்கே, ஒமோதெசென்கே, முஷாகோஜிசென்கே. உராசென்கேயில் கிண்ணம் முழுக்க நுரை எழும்பும், ஒமோதெசென்கேயில் நுரையைக் குறைத்து ஓரிடத்தில் தெளிந்த தேநீர் தெரிய விடுவார்கள். "நுரை வராவிட்டால் தப்பு" என்று காணொளியில் யாராவது அடித்துச் சொன்னால், அவர் ஒரு வீட்டுக் கதையை ஊர்க் கதையாக்குகிறார்.

13 ஜூலை 2025

மாச்சா என்கிற பச்சைத் தேநீர்ப் பொடி கிடைக்கவில்லை என்ற புலம்பல் இங்கேயும் வந்துவிட்டது. சேர்ந்துகொள்கிறேன். 2024 இலையுதிர் காலத்திலேயே கியோத்தோவின் பழைய கடைகள் ஆளுக்கு இத்தனை டப்பாதான் என்று அளக்க ஆரம்பித்தன. இங்கே எங்கள் ஆசிரியை வழக்கமாக வாங்கும் பயிற்சித் தரம் பல மாதம் வரவே இல்லை. உலகம் முழுக்க மாச்சா லாட்டே குடிக்கிறது. தேயிலைத் தோட்டத்தைப் பந்தல் போட்டு நிழலில் வைத்து, வசந்தத்தில் பறித்து, காய்ந்த இலையைக் கல் இயந்திரத்தில் அரைக்கிறார்கள். ஒரு கல் மணிக்கு நாற்பது கிராம் அளவுதான் அரைக்கும். லாட்டேக்காரர்களைத் திட்டிப் பயனில்லை. அவர்களில் சிலர்தான் நாளைக்கு இந்தப் பாயில் வந்து உட்காரப் போகிறார்கள்.

தட்டுப்பாட்டால் ஒரு நன்மை. பொடி இல்லாத நாட்களில் எல்லாரும் மறுபடி காலி டப்பாவைத் துடைத்தோம்.

16 ஆகஸ்ட் 2025

பெரியவர் சென் கென்ஷித்சு, 15-ஆம் தலைவராக இருந்தவர், 14-ஆம் தேதி காலமானார். வயது 102. தலைவராக இருந்தபோது சென் சோஷித்சு என்ற பெயரில் ம்யூனிக் தேநீர் வீட்டைக் கொடுத்தவர் இவர்தான்.

போர்க்காலத்தில் கடற்படையின் தற்கொலைத் தாக்குதல் பிரிவில் இருந்தவர். புறப்படும் தோழர்களுக்குத் தேநீர் தயாரித்துக் கொடுத்ததைப் பிற்காலத்தில் திரும்பத் திரும்பச் சொல்லியிருக்கிறார். அவர்கள் போனார்கள், இவருக்கு உத்தரவு வரவில்லை. போர் முடிந்து ஆறு வருஷத்தில், 1951-ல், நேற்றுவரை எதிரியாக இருந்த அமெரிக்காவுக்குத் தேநீர்ப் பொருட்களோடு போனார். ஒரு கிண்ணத்திலிருந்து அமைதி என்பதையே வாழ்நாள் வாசகமாக வைத்துக்கொண்டார். 2011-ல் பேர்ல் ஹார்பரில், ஜப்பானின் தாக்குதலில் மூழ்கிய அரிசோனா கப்பலின் நினைவிடத்தில், தேநீர் படைத்தார்.

அமைதி, ஒரு கிண்ணம் என்ற வாசகமெல்லாம் விளம்பரம் என்று முன்பு நானும் கிண்டல் பண்ணுவதுண்டு. துண்டுப் பிரசுரத்தில் படித்தால் இப்போதும் அப்படித்தான் இருக்கிறது. ஆனால் அவர் யாருக்குத் தேநீர் கொடுத்து யாரிடம் போனார் என்று பார்த்தால் கிண்டல் வரவில்லை.

21 செப்டம்பர் 2025

இணைய வகுப்பு போதாதா என்ற கேள்விக்குத் தாமதமான பதில். கொரோனா காலத்தில் நாங்களும் திரை வழியாகப் பழகினோம். துணி மடிப்பு, துடைப்பு, வரிசை எல்லாம் ஓரளவு வந்தது. திரை வழியாக வராதது இரண்டு. ஒன்று சத்தம். அகப்பையிலிருந்து கிண்ணத்தில் விழும்போது சூடான தண்ணீருக்கு ஒரு சத்தம், குளிர்ந்த தண்ணீருக்கு இன்னொன்று. எங்கள் ஆசிரியை அறையில் இருந்தால் என் பக்கம் பார்க்காமலே "அவசரப்படுகிறாய்" என்பார். திரையில் அது கேட்காது, மென்பொருள் இரைச்சல் என்று அழித்துவிடும்.

இன்னொன்று, விருந்தினர். நேர் வகுப்பில் ஒருவர் தயாரிக்கும்போது மற்றவர்கள் விருந்தினர். என் முறைக்காகக் காத்திருக்கும் அந்த நேரமெல்லாம் பயிற்சிதான், பிறர் தேநீரைக் குடித்துக் குடித்துத்தான் எனக்கு ஏதோ புரிந்தது. திரையில் நான் தயாரித்ததை நானே குடித்தேன். ஏப்ரலில் எழுதியதைக் கொஞ்சம் தளர்த்திக்கொள்கிறேன்: விருந்தினர் பங்கைச் சொல்லித்தர ஆசிரியர் கூட அவ்வளவு முக்கியம் இல்லை, இன்னும் இரண்டு பேர் அறையில் இருக்க வேண்டும். ஒற்றை மாணவர் உள்ள ஊரில் வீட்டுக்காரரையோ பக்கத்து வீட்டாரையோ உட்கார வையுங்கள்.

23 செப்டம்பர் 2025

"பக்கத்து வீட்டார் முதல் வாயிலேயே முகம் சுளித்தார்" என்று எழுதியவருக்கு: இனிப்பை முதலில் கொடுத்தீர்களா? இனிப்பைச் சாப்பிட்டு முடித்த பிறகுதான் தேநீர். சேர்த்து வைத்துக் கடித்துக்கொள்ள அது பிஸ்கெட் இல்லை. வாகாஷி என்கிற ஜப்பானிய இனிப்பு கிடைக்காவிட்டால் கவலை வேண்டாம். நான் ஒரு முறை தேங்காய் பர்ஃபி வைத்தேன், ஆசிரியை இரண்டாவது துண்டு கேட்டார்.

9 நவம்பர் 2025

சூரிக்கிலிருந்து ஒருவர், சேரும் முன் என்னவெல்லாம் வாங்க வேண்டும் என்று பட்டியல் கேட்கிறார். ஏற்கெனவே இணையத்தில் ஒரு கொதிகலத்தைக் கூடையில் போட்டுவிட்டாராம். எடுத்துவிடுங்கள். கொதிகலம், கிண்ணம், அகப்பை எல்லாம் ஆசிரியர் வீட்டில் இருக்கும். வேண்டியது ஃபுகுசா, ஒரு சிறிய விசிறி, இனிப்பு வைக்கும் தாள், இனிப்பை வெட்டும் சிறு குச்சி, வெள்ளைக் காலுறை. ஃபுகுசாவைக்கூட ஆசிரியர் எந்த வீட்டு மரபு என்று கேட்ட பிறகு வாங்குங்கள், நிறம் மாறும்.

ஆசிரியரைத் தேர்ந்தெடுக்க எனக்குத் தெரிந்த சோதனை ஒன்றுதான். முதல் நாள் போய் விருந்தினராக உட்கார அனுமதி கேளுங்கள். சரி என்று சொல்லி, அன்று உங்களுக்கு எப்படிக் குடிப்பது என்று பொறுமையாகச் சொல்லித்தந்தால் சேருங்கள். முதலில் கட்டண அட்டவணையை நீட்டினால் இன்னொருவரைப் பாருங்கள், சூரிக்கில் நிச்சயம் இருப்பார்கள்.